போத்தனூர்ப் புங்க மரமும் தாராபுரத்து உத்தரவும்

போத்தனூர்,
திங்கட்கிழமை.

தாராபுரம் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் புவனா வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா, தென்னைக்குத் தண்ணீர் போதுகிறதா என்று அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லத்தான் பார்த்தேன். "சொல்லு அம்மணி" என்று நீங்கள் கேட்டதும், "ஒண்ணுமில்லீங்க மாமா" என்று வைத்துவிட்டேன். விஷயம் இதுதான். வரும் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருவதற்குள் வாசல் புங்க மரத்தை வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் புதிதாகப் பதித்த கிரானைட் முகப்பு ரோட்டிலிருந்து தெரியும் என்று சொன்னீர்களே, அந்த மரத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமையே இரண்டு பேர் மரம் வெட்ட வந்தார்கள். அம்மா, "வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்றார். மோர் குடித்து முடித்ததும், "வெறும் வயித்தோட மரம் ஏறக்கூடாதுங்க" என்று இலை போட்டார். சாப்பிட்டவர்கள் அதே மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். தூங்குகிறவர்களை எழுப்புவது மரியாதையில்லை என்று அப்பா மிக்ஸிகூடப் போடவிடவில்லை. சாயங்காலம் எழுந்து காபியும் குடித்து, "இப்படித் தூங்கி ரொம்ப நாளாச்சுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிறும் இதேதான், கூடுதலாக வடை. வெள்ளிக்கிழமை மெஷின் ரம்பத்தோடு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னது உங்களுக்குத் தெரியும். தெருவில் வேறு நிழல் இல்லாததால், இந்த மரத்து நிழலுக்குள்ளேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறார். நர்ஸ் பத்மாவதி வாரம் ஒருமுறை இங்கேதான் நாற்காலி போட்டுத் தெருவுக்கே பி.பி. பார்க்கிறார். போன வாரம் அப்பாவுக்கு நன்றாக இறங்கியிருந்தது. "மாத்திரையோட சேந்து இந்த மரமும் வேல பாக்குதுங்க" என்றார். அப்பா உடனே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், அது வேறு சண்டை. எதிர்வீட்டு லட்சுமணசாமி போன வருஷம் தன் மரத்தை வெட்டி ஏ.சி. வைத்தவர், இப்போது மதியமானால் நாற்காலியோடு இங்கே வந்துவிடுகிறார். "ஏனுங்க குமாரசாமி, மரத்த வெட்டிப்போட்டா நா எங்கீங்க போறது?" என்று அப்பாவிடம் கேட்டார். "உங்க மரத்த வெட்டறப்ப என்னையக் கேட்டீங்களாக்கும்?" என்றார் அப்பா. இருந்தாலும் அவருக்கும் மோர் போனது.

மரம் இலை வழியாக நீராவியை விட்டுக் காற்றைக் குளிரவைக்கும், ரோட்டுத் தூசியை இலையிலேயே பிடித்துக்கொள்ளும், அதனால் மூச்சிரைப்புகூடக் குறையும் என்று கல்லூரியில் படித்ததை அப்பாவிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதைய உங்க மாமங்கிட்டச் சொல்லு கண்ணு, எனக்குப் பயமாயிருக்குது" என்றார்.

கல்யாணத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை மாமா. நீங்கள் பார்த்த இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும். அந்த மாப்பிள்ளைக்கு நான் தலையாட்டுகிறேன். மரம் இருக்கட்டும் என்று நீங்கள் தலையாட்டினால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
புவனா

பின்குறிப்பு: தபாலில் போடக் கூச்சப்பட்டு, இந்தக் கடிதம் ஒரு வாரமாகக் கைப்பையிலேயே இருந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மரம் வெட்டுகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்தார்கள், அதற்குள் அம்மா இட்லி அவித்துவிட்டார். நேற்று மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். அத்தையின் கால் வலியால் நீங்கள் வரமுடியாமல் போனது. கிரானைட் சூட்டில் உள்ளே உட்கார முடியாமல் எல்லோரும் மரத்தடியிலேயே பலகாரம் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "கல்யாணத்துக்குள்ள இதைய எடுத்துப்போடுங்க, காரெல்லாம் பூவா விழுகுது" என்றார். "வேண்டாமுங்க" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என்னுடையது. "மரத்த எடுக்க வேண்டாங்கறீங்களா?" என்றார். "கல்யாணமும் வேண்டாமுங்க" என்றேன். அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது இனி உங்கள் பொறுப்பு மாமா. கார் மேலிருந்த பூவையெல்லாம் நானே துடைத்துத்தான் அனுப்பினேன்.