மகான் கண்ட சினைப்பை

சுவிட்ச் மகான் வீட்டுக் கூட்டம் மாடிப்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? ஊசி இல்லை, மருந்து இல்லை. பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம் கொண்டுபோனால் போதும், மகான் உள்ளே ஏதோ சுவிட்சைப் போடுவார், புற்றுநோய் போயே போச்சு! படித்தவர்கள்தான் முந்தியடித்துக்கொண்டு நின்றார்கள்.

வரிசையில் ஓர் எலக்ட்ரீஷியன். அவர் மனைவிக்குக் கருமுட்டை வளரும் சினைப்பையில் புற்று. மறுநாள் ஆஸ்பத்திரியில் அடுத்த மருந்து ஏற்ற வேண்டும். உடம்பின் காவல் அணுக்கள் ஒவ்வோர் அணுவிடமும் அடையாளம் பார்க்கும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அந்த அடையாளத்தைக் காட்டும் மரபணுவைப் புற்றணு சுவிட்சை அணைப்பது மாதிரி அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ளுமாம். அதைத் திரும்பப் போட விஞ்ஞானிகள் வழி தேடுகிறார்களாம். மனிதருக்கு மற்றதெல்லாம் மறந்துபோய்ச் சுவிட்ச் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. தொழில் புத்தி! நேரே மகானிடம் ஓடி வந்துவிட்டார். மகான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆஸ்பத்திரி மருந்து உள்ளே போனால் சுவிட்ச் கருகிவிடும், நாளைக்குப் போகவே கூடாது.

மனைவி சண்டை போடவில்லை. பஞ்சைத் தானே தருவதாகச் சொல்லி, முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

மகான் பஞ்சை நீல விளக்கில் காட்டிக் கண்ணை மூடினார். சுவரிலிருந்த திரையில் அணுக்கள் நெளிந்தன. முந்தின ஆளுக்கும் அதே அணுக்கள்தான் அப்படியே நெளிந்தன. பக்தி வந்த பிறகு கண் எதற்கு?

“இடது சினைப்பை. ஒளிஞ்சிருந்தவனைப் பிடிச்சுட்டேன். சுவிட்சைப் போட்டாச்சு” என்றார் மகான். கூட்டம் உருகியது. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாவம்.

“அது என் ரத்தம் இல்லைங்க” என்றார் மனைவி நிதானமாக. “காலையில இவர் ஷேவ் பண்றப்போ தாடையைக் கீறிக்கிட்டார். அதைத் துடைச்ச பஞ்சு. இவருக்குச் சினைப்பை எங்க இருக்குன்னு கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க.”

எலக்ட்ரீஷியனின் கை தாடைக்குப் போனது. புருஷன் ரத்தமும் பெண்டாட்டி ரத்தமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று மகான் ஏதோ உளறிப் பார்த்தார். பின்னால் ஒருவர் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குப் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வாங்க” என்றார் கணவரிடம். அவர் தலையாட்டினார்.

உடம்புக்குள் ஒளிந்திருக்கும் அணுவைப் பிடிக்க எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒளியாமல் எதிரே உட்கார்ந்திருந்த இந்த ஆளைப் பிடிக்க ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அதைக்கூடக் கேட்கத் தோன்றாத தலையைக் கழுத்துக்கு மேல் எதற்குச் சுமக்கிறோம், தொப்பி மாட்டவா?