தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று நான் பேசிய நாள்

களைத்துப்போனவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அது தலையணை ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

விமானிப் பயிற்சியில் சேர்ந்தபோதே சீனியர்கள் சொன்னார்கள்: "தியரி பேப்பரை எல்லாம் முதல்ல முடிச்சிடு. அப்புறம் பறக்கப் போ." எனக்கு அது கோழைகளின் யோசனையாகப் பட்டது. காலையில் பறப்பது, மாலையில் படிப்பது என்று நாலு கலரில் அட்டவணை போட்டேன். (அட்டவணை மட்டும் அழகாக வந்திருந்தது.)

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, விமானம் கிடைக்கக் காத்திருந்து, வடநாட்டு வெயிலில் ஓடுதளத்தோரம் வெந்து, மூன்று மணிக்கு அறைக்கு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. வானிலைப் புத்தகத்தில் மேகங்களின் வகைகளைப் படிக்க ஆரம்பிப்பேன். மூன்றாவது மேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடுவேன். பனிமூட்டத்தில் பறக்க முடியாத நாட்களில் படித்திருக்கலாமே என்பீர்கள். அந்த நாட்களில் காலையிலிருந்தே தூங்கினேன்.

பறக்க வேண்டிய மணிக்கணக்கு முடிந்தது. சொந்த ஊரான ஆம்பூருக்கு வந்து, இருபது நாள் கண்ணைக் கசக்கிப் படித்து, மூன்று தியரி பேப்பரையும் ஒரே மூச்சில் எழுதினேன்.

அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதற்குள் கம்பெனி முழுக்க நான் பைலட் ஆகிவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னும் பேப்பர் பாஸ் பண்ணலப்பா."

"பிளேனையே ஓட்டிட்ட. பேப்பர் இன்னாடா பேப்பர்?"

செய்தி நான் படித்த பள்ளிக்கும் போனது. 'தேர்வுக்குத் தயாராவது எப்படி?' என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். மறுத்திருக்கலாம். யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

அப்பா அரை நாள் லீவு போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நேர மேலாண்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். "காலையில் பறப்பேன், மாலையில் படிப்பேன். களைப்பு என்பது மனதின் மாயை" என்று சொன்னது நான்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்போது ஹெட்மாஸ்டர் மைக்கை வாங்கினார்.

"பிள்ளைங்களா, நம்ம தம்பியோட ரிசல்ட் இன்னிக்குத்தான் வருதாம். அவங்க அப்பா சொன்னாரு. எல்லாரும் சேர்ந்தே பாத்துடலாமா?"

நம்பர் நினைவில்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள், அப்பா சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட் நகலை எடுத்து நீட்டினார். சோளிங்கர் மலை ஏறி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்த நகல். குங்குமம் படிந்திருந்தது. நம்பர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஸ்மார்ட் போர்டில் ரிசல்ட் பக்கம் திறந்தது. பள்ளி இன்டர்நெட்டுக்கும் என் அளவுக்குக் களைப்பு போலிருக்கிறது, ஒவ்வொரு வரியாகத்தான் வந்தது. எழுபது எடுத்தால் பாஸ் என்று ஹெட்மாஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தார்.

விமான விதிகள்: எழுபத்திரண்டு. கூரை அதிரக் கைதட்டல். அப்பா எழுந்து நின்று பின்னால் திரும்பிக் கும்பிட்டார்.

வழிகண்டறிதல்: ஐம்பத்தொன்று. கைதட்டல் பாதியில் நின்றது.

வானிலை: நாற்பத்தாறு. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் பழக்க தோஷத்தில் தட்டினான்.

ஹெட்மாஸ்டர் அவசர அவசரமாக எனக்குச் சால்வையைப் போர்த்தினார். முகத்தையும் சேர்த்து மூடியிருக்கலாம்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் நோட்டு. கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அண்ணா, நானும் பைலட்டுக்குத்தான் படிக்கப் போறேன். அப்போ தியரி எப்போ படிக்கணும்?"

"முதல்லியே முடிச்சிடும்மா," என்றேன். "பறக்கப் போறதுக்கு முன்னாடி. நல்லாத் தூங்கி எழுந்து படி."

அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் அதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பைபாஸ் தாண்டியதும், "அரை நாள் லீவு போட்டேன்டா," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஆறு மாதம் விமானத்தின் பக்கமே போகாமல், வீட்டில் உட்கார்ந்து படித்துத் தேறினேன். இன்று வேலையில் இருக்கிறேன். (களைப்பும் கூடவே இருக்கிறது.)

ஆனால் எங்கள் வீட்டில் எந்த ரிசல்ட் வந்தாலும் இப்போது யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. போன மாதம் அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட் போனில் வந்தது. "டிவில பெருசா போடுடா, எல்லாரும் பாக்கட்டும்," என்றார். போட்டேன். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எழுபதுக்கு மேலதானே? நான் பாஸ்."