ஜோஸ்பின் டீச்சரைத் தாங்கும் சைக்கிள்

விஷ்ராந்த்வாடி, பூனா
9.10.1981

பிரியமுள்ள மச்சான் ஜேசுராஜ் அவர்களுக்கு, மனுவேல் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் உங்கள் தங்கை ஜோஸ்பினும், என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக, பூரண சுகம். தளேகாவில் தாங்களும் தங்கள் மனைவி சத்தியவதியும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

நிற்க. பழைய மருந்தடிக்கும் மெஷினிலிருந்து தாங்கள் கழற்றி அனுப்பிய சின்ன எஞ்சின் பத்திரமாக வந்தது. அதைச் சைக்கிளில் பொருத்தினால் ஜோஸ்பினை ஏரவாடாப் பள்ளிக்கூடத்துக்கு மிதிக்காமலே கொண்டுபோய் விடலாம் என்று தாங்கள் எழுதியதை நான் நம்பினேன், அவள் நம்பவில்லை. பஸ்ஸில் விழுந்து அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, கேரியரில் உட்கார வைத்து நான்தான் மிதிக்கிறேன். மேட்டில் நான் விடும் மூச்சைக் கேட்டு, "உங்க முட்டிய ஒடச்சுத்தான் நான் பென்ஷன் வாங்கணுமாக்கும்?" என்று ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டாள். சர்வீஸ் முடிய இன்னும் இரண்டே வருஷம்! பதினைந்து நாள் பொறு என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் என் ஆபீஸ் சைக்கிளில் பொருத்தினேன். இருபது வருஷம் என்னைச் சுமந்தது, எஞ்சினை இருபது நிமிஷம் சுமக்கவில்லை. பின் சக்கரக் கம்பிகள் டிங் டிங்கென்று ஒவ்வொன்றாக அறுந்து, ரிம் பொரித்த அப்பளமாய் நெளிந்துபோயிற்று. மாடி வீட்டுச் சந்திரமௌலி மனமிரங்கித் தன் மனைவியின் லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் நடுவே பாரே கிடையாது, எஞ்சினை எங்கே தொங்கவிடுவது? பிறகு மகனுடைய ரேஸ் சைக்கிளைக் கொடுத்தார் பாருங்கள், சும்மா சொல்லக் கூடாது, பறந்தது. நிற்கத்தான் அதற்குத் தெரியவில்லை. சப்ஜிவாலாவின் முட்டைக்கோஸ் குவியல்தான் என்னைத் தாங்கிப் பிடித்தது. வீட்டில் என் காலரிலிருந்து ஒரு கோஸ் இலையை உருவிய ஜோஸ்பின், நேரே போய் ராஜினாமாவில் தேதி போட்டாள்.

மறுநாள் காலை பால்காரர் தோண்டிபா வந்தார். பத்து வருஷமாகக் கண்ணில் படுகிற அவர் சைக்கிளை அன்றுதான் பார்த்தேன். மேலே இரட்டை பார், தடித்த கம்பிகள், இரும்புத் தண்டு வைத்த பிரேக், நாலு பால் கேனுக்கும் அசையாத கேரியர்! குனிந்து ஃபோர்க்கைத் தடவினேன்.

"காய் ஜாலா, சாஹேப்?" என்ன ஆயிற்று என்று பதறினார் மனிதர்.

தெரிந்த ஹிந்தியையும் தெரியாத மராத்தியையும் கலந்து கேட்டேன். இது சைக்கிள் இல்லை, என் எருமை, யாருக்கும் தர மாட்டேன் என்றார். அப்புறம்தான் யாருக்கு என்று விசாரித்தார். ஜோஸ்பின் டீச்சருக்கு என்றேன். அவ்வளவுதான், மச்சான்! கணக்கில் மூன்று தரம் ஃபெயிலான அவர் மகளைப் பாஸ் பண்ண வைத்தவள் இவளாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"பாயீன்சாடி? மக் ந்யா கீ!" என்றார். டீச்சருக்கா, அப்படியென்றால் கொண்டுபோங்களேன் என்று அர்த்தம். கேன்களை அங்கேயே இறக்கினார். தம்பி லாரி ஓட்டப் போய்விட்டதால் அவன் சைக்கிள் சும்மா கிடக்கிறதாம்.

அதில் எஞ்சினைப் பொருத்தி, நேற்றுக் காலை புறப்பட்டோம். மேடு வந்ததும் ஜோஸ்பின் பழக்கத்தில் இறங்கக் காலை நீட்டினாள். "ஒக்காரு!" என்றேன். படபடவென்று மேடு எங்களுக்குக் கீழே ஓடிற்று. ஒரு டெம்போவை முந்தினோம். கல்யாணமான முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நடுரோட்டில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ஏங்க, இன்னும் வேகமாப் போங்க!" என்று கத்தினாள். பள்ளிக்கூட கேட்டில் பிரேக் பிடித்தேன். சொன்ன இடத்தில் நின்றது. இறங்கியவள் ராஜினாமாவைக் கிழித்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். தங்கை வேலை இனி என் பொறுப்பு, கவலையற்றிருங்கள்.

கர்த்தர் தங்களையும், தாங்கள் கழற்றும் எஞ்சின்கள் யாவற்றையும் ஆசீர்வதிப்பாராக. சத்தியவதிக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு
மனுவேல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஜோஸ்பின் ஒரு ஆர்டரோடு வந்து நிற்கிறாள். எங்கள் பின் தெருவில் திறக்கும் புதுக் கிளைக்குத் திங்கள் முதல் அவளை மாற்றிவிட்டார்களாம். வாசலில் நின்று கூப்பிட்டால் வகுப்பில் கேட்கும். சைக்கிளைத் தோண்டிபாவிடமே கொடுத்துவிடவா என்றேன். "குடுத்துத்தான் பாருங்களேன்!" என்கிறாள். தினமும் ஏழு மணிக்கே கிளம்பி, ஏரவாடா வரை போய்ச் சுற்றிக்கொண்டு பின் தெருவில் இறக்கிவிட வேண்டுமாம்.