சேறு அண்ணை கண்ட குதிரை

நுவரெலியா ரேஸ் மைதான வேலியைப் பிடித்துக்கொண்டு அன்று நின்றவர்கள் நான்கு பேர்: சேறு அண்ணை, குருநகர் மரியதாஸ், புத்தூர்ச் செல்வராசா, நான். வராதவர் எங்கள் விடுதி முதலாளி. "குதிரை பாக்க மலை ஏறுற விசரரோடை நான் வரேல்லை" என்று காங்கேசன்துறையிலேயே நின்றுவிட்டார்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் தேடினாலும் குதிரைச் சங்கதியில் சேறு அண்ணையை மிஞ்ச ஆளில்லை. காங்கேசன்துறையில் வேலை பார்த்த நாங்கள் மூவரும் தங்கியிருந்த விடுதியின் சமையல்காரர் அவர்; முன்பு கப்பலில் சமைத்தவர். இங்கிலாந்துத் துறைமுகமொன்றில் பதினொரு நாள் கப்பல் நின்றபோது அவர் கண்டது மழையும் சேறும் மட்டுமே. அவருடைய பந்தய சாத்திரமும் பட்டப்பெயரும் அதிலிருந்து பிறந்தவைதான். அங்கே மழையென்றால் சேற்றில் ஓடக்கூடிய குதிரைக்குக் காசு கட்டு. வெயிலென்றால் காசை மடியில் வை. எவ்வளவு நிச்சயமான குதிரையானாலும் ஒரு மீன்தலையின் விலைக்கு மேல் கட்டாதே.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் இங்கிலிஷ் படித்தவன் நான். சனிக்கிழமைகளில் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் ரேஸ் பேப்பரை அவருக்கு வாசித்துச் சொல்வதற்கு அந்தப் படிப்பு உதவியது. உடுப்பிட்டியில் ஐயா, மகன் சோதினைக்குப் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உவன் போனமுறை சேத்திலை என்ன செய்தவன்?" என்று ஒரு குதிரையைப் பற்றிக் கேட்பார் அண்ணை.

"மூண்டாவது, அண்ணை."

"தாய்?"

"தாயைப் பற்றிப் போடேல்லை."

"தாயைப் பற்றிப் போடாமல் என்ன பேப்பர்?"

ஞாயிறு காலை, பந்தயக் காசு கட்டும் புக்கி கடைப் பலகையில் முடிவு எழுதுவார்கள். வென்றால் மதியம் விளைமீன் குழம்பு, தோற்றால் பருப்பு. மரியதாஸ் பூசையில் குதிரைக்காக மன்றாடுவான்.

"நேற்றே ஓடி முடிஞ்ச குதிரைக்கு இண்டைக்கு என்னடா மன்றாட்டு?" என்பான் செல்வராசா.

"ஆண்டவருக்கு நேற்றென்ன, இண்டைக்கென்ன. உனக்கு மீன் வேணுமோ, வேண்டாமோ?"

ஒருநாள் மரியதாஸ்தான் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் குதிரை ஓடிக் கண்டிருக்கிறியளோ?"

அகப்பை நின்றது. "கோயிலிலை குதிரை வாகனம் கண்டிருக்கிறன்."

"அது மரமெல்லோ."

"ஓம். பாரமான மரம். சேத்திலை புதைஞ்சுபோம்."

நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கண் முன்னமே போயிருந்தது. மற்றதிலும் படலம் படர்ந்துகொண்டிருந்தது. ஒப்பரேஷன் செய்தாலும் நிச்சயமில்லை என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார்.

"மூடுறதுக்கு முந்தி ஒருக்கா பாக்கவேணும், தம்பி" என்றார் என்னிடம்.

சித்திரையில் நுவரெலியாவில் ரேஸ் என்று பேப்பரில் கண்ட அன்றே நாங்கள் மூவரும் சம்பளத்தில் பங்கு போட்டோம்.

அன்று மலையில் நல்ல வெயில். முதல் ஓட்டம் எங்களைக் கடந்தபோது நிலம் அதிர்ந்தது. குதிரைகள் போன பிறகும் அண்ணை வேலியை விடவில்லை. கடைசியாக ஓடி வந்த செம்மண் நிறக் குதிரையை எங்கள் பக்கமாக நடத்திப் போனார்கள். வாயெல்லாம் நுரை. வயிறு ஏறி இறங்கியது.

"வடிவாத் தெரிஞ்சுதோ, அண்ணை?"

"தெரிஞ்சுது." குதிரை போன பக்கம் தலையைத் திருப்பினார். "அதுக்கு இப்பிடி மூச்சு வாங்குமெண்டு நீ ஒருநாளும் வாசிக்கேல்லையே."

"பேப்பரிலை போடேல்லை, அண்ணை."

செல்வராசா காசோடு நின்றான். "அடுத்த ஓட்டத்துக்கு எதுக்குக் கட்டுறது, அண்ணை?"

"வெயில். காசை மடியிலை வை" என்றுவிட்டு நடந்தார்.

தேடிப் போனோம். லாயத்தடியில் நின்றார். சால்வை நிறையக் கரட். அந்தக் கடைசிக் குதிரை ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து கடித்துக்கொண்டிருந்தது. குதிரைக்காரன் சிங்களத்தில் ஏதோ சொன்னான், அண்ணை காங்கேசன்துறைத் தமிழில் பதில் சொன்னார், இருவரும் ஒத்துப்போனார்கள்.

என்னைக் கண்டதும், "இவன்ரை தாய் ஆரெண்டு உந்தாளிட்டைக் கேள், தம்பி" என்றார்.

பிறகு அவர் ஒரு குதிரைக்கும் காசு கட்டவில்லை. எங்களுக்கு ஞாயிறுதோறும் பருப்பு. அடுத்த மாரிக்குள் மற்றக் கண்ணும் மூடிவிட்டது. விடுதிக்குப் புதிதாக யார் வந்தாலும், குதிரை என்ன நிறமென்று அண்ணை சொல்லக் கேட்டபிறகுதான் சாப்பிட முடியும்.

அந்த நுவரெலியாப் பயணத்துக்கு ரயில், பஸ், சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்து எங்கள் மூவருக்கும் செலவு நானூற்று எண்பத்தாறு ரூபாய். அண்ணைக்குச் செலவு, பந்தயம் கட்டவென்று மடியில் முடிந்து வந்த மீன்தலைக் காசு: கரட்டுக்குப் பத்து ரூபாய்.