யாரென்று சொல்ல மாட்டேன்

"வெள்ளிக்கிழமை ஏ.இ.ஓ. மேடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாராங்க. அவங்க முன்னால ஜோவிதா நாலு வரி படிக்கோணும். இல்லீன்னா டி.சி. எழுதிப்போடுவேன், பாத்துக்குங்க" என்றார் தலைமையாசிரியர் சென்னகேசவன்.

சத்தியசீலன் சார் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பினார். ஜோவிதா அவருடைய நாலாம் வகுப்பில் கெட்டிக்காரி. கணக்கைக் காதால் கேட்டே விடை சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரியும். டி.சி. கொடுத்தால் அவள் அப்பா வேறு பள்ளி தேட மாட்டார், வீட்டோடு நிறுத்திவிடுவார்.

சார் மட்டும் லேசுப்பட்டவரா? கற்றல் குறைபாடு பற்றித் திருச்சியில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். முதல் நாள் தாமதமாகப் போனார். மூன்றாம் நாள் போத்தனூர் ரயிலைப் பிடிக்கச் சீக்கிரம் கிளம்பினார். நடு நாளில் மதியச் சாப்பாடு பலமாக இருந்ததால் தூங்கிவிட்டார். ஆக மொத்தம் தான் ஓர் அரை நாள் நிபுணன் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

அந்த அரை நாளில் கேட்டது ஒன்று நினைவிருந்தது. குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. வகுப்பே சேர்ந்து உதவ வேண்டும்.

திங்கட்கிழமை, ஜோவிதா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்கூட அல்ல, அவளையும் வைத்துக்கொண்டே நாசூக்காக ஆரம்பித்தார்.

"கண்ணுகளா, நம்ம வகுப்புல ஒருத்தருக்கு எழுத்து கொஞ்சம் மெதுவாத்தான் பிடிபடுது. யாருன்னு சொல்ல மாட்டேன். நீங்களே கவனிச்சுப் பாத்து ஒத்தாசை பண்ணோணும். கேலி பண்ணப்படாது, அவங்க மனசு நோகும். செரியா?"

"செரீங்க சார்!" என்றன நாற்பது குரல்கள்.

பிறகு ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜோவிதாவுக்குக் கூச்சம் வரக் கூடாதே என்று, தானே விரலால் எழுதி, தானே திணறி, "இது என்ன எழுத்துங்க கண்ணு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

மறுநாள் விபரீதம் தொடங்கியது. எக்ஸ்பிரஸ் வேகத்தில் படிக்கும் தேஜஸ்ரீ, எழுத்து எழுத்தாக இழுத்துப் படித்தாள். புதன்கிழமை நாற்பது பேரும் அப்படியே படித்தார்கள். வராந்தாவில் வந்த சென்னகேசவன் நின்றுவிட்டார்.

"ஏனுங்க சத்தியசீலன், ஒரு புள்ளைக்கு வைத்தியம் பாருங்கன்னா, நாப்பதுக்கும் நோவைக் குடுத்துட்டீங்களே!"

சார் பதறிப்போனார். பிள்ளைகள் உற்சாகமாகத் திருத்தட்டும் என்று, கரும்பலகையில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பரவால்லீங்க சார். மெதுவா வரட்டும்" என்றாள் தேஜஸ்ரீ.

வியாழக்கிழமை அவள் வீட்டிலிருந்து ஒரு டப்பா வல்லாரைத் துவையல் வந்தது. என்ன மரியாதை, என்ன மரியாதை என்று சார் இட்லியோடு அதை வழித்துச் சாப்பிட்டார்.

ஒரே ஆறுதல் ஜோவிதா. இடைவேளை மணி அடித்ததும் அவளே தாம்பாளத்தோடு வந்து, "வாங்க சார், எழுதலாம்" என்று அவர் விரலைப் பிடித்து மணலில் இழுப்பாள். அவள் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாமென்று சாரும் விரலை விட்டுக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. ஏ.இ.ஓ. ராமாமணி மேடம் புத்தகத்தைப் பிரித்து ஜோவிதாவிடம் நீட்டினார். சென்னகேசவன் சட்டைப்பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சத்தியசீலன் கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டினார்.

ஜோவிதா விரலை வரியின் கீழே வைத்தாள். மெதுவாக, ஆனால் ஓரிடத்திலும் தவறாமல், நாலு வரியல்ல, ஒரு பத்தி முழுவதையும் படித்தாள். சத்தியசீலனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அரை நாள் பயிற்சிக்கே இப்படியென்றால், மீதி இரண்டரை நாளும் விழித்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"அருமை அம்மணி! சார் நல்லாச் சொல்லிக் குடுத்தாருங்களா?" என்று கேட்டார் மேடம்.

ஜோவிதா சாரைப் பரிதாபமாக ஒருமுறை பார்த்துவிட்டு, மேடத்தின் காதருகே போய், அந்த அறைக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

"இல்லீங்க மேடம், சாருக்குத்தானுங்க எழுத்து வராது. நாந்தானுங்க தெனமும் ஊட்டுல படிச்சுட்டு வந்து அவருக்குச் சொல்லிக் குடுக்கறேன். எங்களுக்குத் தெரியும்னு சொல்லிப்போடாதீங்க, பாவம், மனசு நோகும்."