போன் பண்ணாமல் வந்த பாப்புவா அங்கிள்

பாப்புவா அங்கிளைப் போல அடுத்தவன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்த மனிதர் எங்கள் ஊர் ஃப்ரீமான்ட்டில் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாப்புவா நியூ கினியின் மலைநாட்டில், மவுண்ட் ஹேகன் பக்கம், பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு மகனோடு இங்கே வந்த தமிழர். மௌரி அவென்யூ மளிகைக் கடையில் நான் போனில் எவனையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தேன். வந்து என் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"தமிழா? வீடு எங்க?"

கொஞ்ச நேரத்தில் என் சமையலறையில் நின்றபடி தயிர்சாதம் சாப்பிட்டார். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்தார்.

"அங்கிள், ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"வான்டாக் வீட்டுக்கு எவன்யா போன் பண்ணிட்டுப் போவான்?"

அந்த நாட்டில் எண்ணூறுக்கு மேல் மொழி. ஒரு பள்ளத்தாக்கில் பேசுவது அடுத்த பள்ளத்தாக்குக்குப் புரியாது. தலைநகரிலிருந்து மலைநாட்டுக்கு ரோடே கிடையாது, விமானம்தான். அதனால் தன் மொழி பேசுகிறவன் எங்கே அகப்பட்டாலும் அவன் வான்டாக். சோறும் இடமும் கொடுத்தே ஆகவேண்டும். அங்கே அது வழக்கம். இங்கே அதற்குப் பெயர் தொல்லை.

எங்கள் ஊரையும் அவர் பாப்புவாவாகத்தான் பார்த்தார். பக்கத்தில் மலை இருப்பதால் நாங்கள் மலைநாட்டார், அங்கத்து மலைக்காரர்களைப் போலச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்னவேண்டிய ஜனம். தண்ணீர்ப் பக்கம் குடியிருந்தவர்கள் செபிக் ஆற்றுக்காரர்கள். பக்கத்து ஊர்ப் பிளசன்டன்காரர்கள் தீவுக்காரர்கள்: "அவங்க தனி. கொஞ்சம் பெருமை ஜாஸ்தி."

பார்க்கிங்குக்காக நானும் எதிர்வீட்டுச் சேலத்துக்காரனும் கைகலக்கப் போனபோது நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மலைநாட்டுல பன்னி குடுத்துதான் சண்டைய முடிப்பாங்க. பன்னிக்கு நான் எங்க போவேன்? ஆளுக்கு ஒரு அரிசி மூட்டை எடுத்துட்டு வாங்க."

மாற்றிக்கொண்டோம். இரண்டும் ஒரே கடை, ஒரே அரிசி. சிரித்துத் தொலைத்தோம். சண்டை முடிந்தது.

பிறகு மகனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. காப்பெல் என்ற ஊர்.

"அங்க மலை இருக்கா?"

"ஃபிளாட்டுப்பா."

"கடலு?"

"இல்லப்பா."

"அப்ப நான் எந்த ஜனம்டா?"

போக மாட்டேன் என்றார். நான் மகனிடம் நேராகவே சொன்னேன். "மாடி ரூம் சும்மா கிடக்கு. அங்கிள் இங்கயே இருக்கட்டும்."

"இல்லண்ணா. அப்பாவை விட்டுட்டுப் போயிட்டான்னு எல்லாரும் பேசுவாங்க."

எல்லாரும் என்றால் எந்த நாய் என்று கேட்டேன். அப்பாவை அழைத்துப் போய்விட்டான்.

காப்பெலில் முதல் வாரமே ஒரு வீட்டிலிருந்து தமிழ் கேட்டிருக்கிறது. கதவு திறந்திருந்தது. அங்கிள் உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். போலீஸைக் கூப்பிட்டார்கள். மகன் கையைக் காலைப் பிடித்து மீட்டு வந்து, இனி யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டான். போலீஸ் வந்ததில் அங்கிளுக்கு வருத்தமில்லை. "ஐயோ திருடன்" என்று அவர்கள் தமிழில் கத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் போன் செய்தார்.

"பிஸியா? ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

என்னிடம் அனுமதி கேட்டார். அந்த மனுஷன்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஃப்ரிட்ஜில கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன் அங்கிள்" என்றேன்.

பொய் இல்லை. சனிக்கிழமைதோறும் அவித்து வைக்கிறேன். என் வீட்டில் அதை யாரும் தின்பதில்லை.