நாலு சிலிண்டர் ஏறுமா?

"இம்புட்டுத்தானா?" என்றார் நல்லகாமன்.

திறந்திருந்த பானட்டுக்குள் தலையை விட்டு, காணாமல் போன ஆட்டைத் தேடுகிறவர் போல அவர் இன்ஜினைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற முபீன் விரலால் இன்ஜினைத் தொட்டுக் காட்டினான்.

"நாலு சிலிண்டர்ண்ணே. டர்போ இருக்கு."

"சிசி எம்புட்டு?"

"ஆயிரத்து ஐநூறு."

"காரு இன்ஜினுல்ல இது. இத வச்சுக்கிட்டா கம்மாய்க்குள்ள இறங்கப் போறீக?"

முபீன் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் பிக்கப் வண்டி விற்கும் ஷோரூமில் சேல்ஸ்மேன். மூன்று மாதமாக ஒரு வண்டிகூட விற்காத சேல்ஸ்மேன். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு கையெழுத்தாவது வாங்காவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சத்யப்ரியா மேடம் சொல்லிவிட்டார். அப்புறம் அவனுக்கு இருப்பது ஒரே இடம்தான்: மனைவி சபிஹாவின் அண்ணன் நடத்தும் செருப்புக்கடை. அங்கே குனிந்து ஊரார் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டே, மேலே நிற்கும் மச்சானின் புத்திமதியையும் கேட்க வேண்டும்.

மேடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "உங்க பேச்சுக்குப் பயந்துதான் எல்லாரும் ஓடுறாங்க முபீன். விக்க வந்த ஆள் மாதிரியே தெரியக் கூடாது. டை வேணாம், கார்டு வேணாம். வண்டி பேசட்டும், நீங்க பேசாதீங்க."

அதனால்தான் செக்கானூரணி தாண்டி இந்த ஊருக்குள் நுழைந்ததும், "வண்டி கொண்டாந்திருக்கேண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டான். "எட்டு மணிக்கே வாரேன்னீகளே" என்று நல்லகாமன் முகத்தைச் சுளித்தபோதுகூட, மேடம் சொன்னது ஒன்பது மணி என்று அவன் வாதாடவில்லை.

"சந்தேகமா இருந்தா பாரம் ஏத்திப் பாருங்கண்ணே," என்றான் இப்போது.

சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார்கள். வீட்டுக்குப் பின்னால் எரு குவிந்து கிடந்தது. அதைக் கண்மாய்க்கு அக்கரையிலுள்ள வயலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமாம். ஒரு வண்டி வாங்க இவ்வளவு முன்னேற்பாடா என்று முபீனுக்கு அந்த மனிதர்மேல் மரியாதையே பிறந்துவிட்டது.

முதல் நடை கரைமேல் சுற்றிப் போய் வந்தது. வண்டி முனகக்கூட இல்லை.

"காஞ்ச பாதையில கட்டைவண்டிகூடப் போகும்," என்றார் நல்லகாமன். "இப்படிச் சுத்திக்கிட்டிருந்தா பொழுது போயிரும். அடுத்த நடைய கம்மாய்க்குள்ள விடுங்க."

போன வாரம் பெய்த மழையில் கண்மாயின் அடித்தரை சேறாகிக் கொழகொழவென்று கிடந்தது. முபீன் பிஸ்மி சொல்லி இறங்கினான். பாதி தூரம் போனதும் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"நாஞ் சொன்னேன்ல," என்றார் கரையிலிருந்து நல்லகாமன். "நாலு சிலிண்டராம்."

டர்போ வேலை செய்ய இன்ஜின் நன்றாகச் சுற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது முபீனுக்கு நினைவு வந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தான். இன்ஜின் அலறியது. சக்கரங்கள் சுழன்றன. வண்டி முன்னால் போவதற்குப் பதிலாகக் கீழே போனது.

அந்த நேரம் பார்த்து மேடத்திடமிருந்து போன்.

"கஸ்டமர் என்ன சொல்றாரு?"

"பாத்துக்கிட்டே இருக்காரு மேடம்."

"வண்டி எப்படி இருக்கு?"

"உக்காந்திருக்கு மேடம்."

பாரத்தைக் குறைத்தால் எழுந்துவிடும் என்று நினைத்தான். முழங்கால் சேற்றில் இறங்க ஆட்கள் தயங்கியதால் அவனே கூடையைத் தலையில் தூக்கினான். புதுச்சட்டை எருவின் நிறத்துக்கு வந்தது. பாதி எருவைச் சுமந்து கரையில் போட்டுவிட்டு வந்து மறுபடி மிதித்தால், பாரம் குறைந்த பின்சக்கரங்களுக்கு இருந்த பிடிமானமும் போய்விட்டிருந்தது. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கியது.

நல்லகாமன் தன் மனைவி ரெங்கம்மாளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "நாம வாங்குனா இந்த வண்டிய மட்டும் வாங்கவே கூடாது."

முபீனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் வரிசையாகச் செருப்புப் பெட்டிகள் தெரிந்தன. இன்ஜினை அணைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். தொங்கிய தலைக்கு நேரே ஒரு குட்டி லீவர் நீட்டிக்கொண்டிருந்தது.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான லீவர். அதைப் பற்றி நூறு பேரிடம் நூறு விதமாகப் பேசியவன், இந்நேரம் வரை அதைத் தொடவே இல்லை.

இறங்கி நாலு டயரிலும் கொஞ்சம் காற்றைக் குறைத்தான். முள் இறங்கும்வரை காத்திருந்தான். பிறகு ஸ்டார்ட் செய்து, லீவரைக் கடைசிக் கீழ்க்கியருக்குத் தள்ளி, மிதியில் கால் பட்டும் படாமலும் வைத்தான். வண்டி ஒருமுறை குலுங்கியது. பிறகு, எருமை குட்டையை விட்டு எழுவது போல மெள்ள எழுந்து கரையேறியது.

இறக்கிய எருவை ஆட்கள் திரும்ப ஏற்றிக் கொடுக்க, அந்த நடையை முடித்தான். மூன்றாம் நடைக்கு முழுப்பாரம். நல்லகாமனே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதே சேறு, அதே இடம். வண்டி எங்கும் நிற்கவில்லை.

"பரவால்லையே தம்பி. சின்ன இன்ஜின்தான், ஆனா இழுத்துருச்சே."

"இன்ஜின் பெருசா சின்னதாங்கிறதுல இல்லண்ணே. கியருல இருக்கு சூட்சுமம்," என்றான் முபீன். அன்றைக்கு அவன் பேசிய முதல் வியாபாரப் பேச்சு அதுதான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் நல்லகாமன் புளியமரத்தடிக்குப் போய் யாருடனோ போனில் பேசினார். "நாலு சிலிண்டரேதான்... அட, என் கண்ணால பாத்துட்டேன்யா... ஒண்ணு சொல்லிருங்க." உறவுக்காரர்களிடம் பெருமையடிக்கிறார் என்று முபீனுக்கு நெஞ்சு நிறைந்தது. சேற்றுக்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, மேடத்துக்கு 'முடிஞ்சிருச்சு' என்று ஒரு மெசேஜ் தட்டினான். டேஷ்போர்டிலிருந்து புக்கிங் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

எதிரே ரெங்கம்மாள் காப்பி டம்ளரோடு நின்றார்.

"மூணு நடைக்கும் சேத்து வாடகை எம்புட்டுன்னு சொல்லுங்க தம்பி; நீங்க ஓட்டுன ஓட்டத்தப் பாத்துட்டு இவரு இதே வண்டிய இப்பத்தான் தேனி ஷோரூம்ல போன்லயே புக் பண்ணிட்டாரு, வண்டி காட்ட வாரேன்னு சொன்ன மதுரைக்காரரு இன்னும் வந்தபாடில்ல."